கால் ஓய்ந்த பிறகும் உழக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கொழும்பிலிருந்து குழுவாக நெடுந்தூரம் சைக்கிளில் போக ஆயத்தமாகும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை களைப்பைப் பற்றியவை. களைப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல வகை. சிலவற்றைத் தாண்டிப் போகலாம். சிலவற்றுக்குச் சாப்பாடு போதும், சிலவற்றுக்குச் சாவி போட்டு ஆணியைத் திருக வேண்டும். ஒன்றிரண்டில் உடனே இறங்கிவிட வேண்டும். எது எது என்று பிரித்தறியப் பழகுங்கள், மற்றதெல்லாம் பிறகுதான்.

கேள்வி: பத்து நண்பர்கள் புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக நாலு நாளில் யாழ்ப்பாணம் போக இருக்கிறோம். பயிற்சிக்காக நீர்கொழும்பு வரை போய்த் திரும்பினோம். 60 கிலோமீற்றர் தாண்டியதும் கால் வெறுமையாகிறது, கை நடுங்குகிறது, கூட வருபவர்கள்மேல் எரிந்து விழுகிறேன். "மனசைத் தளரவிடாதே" என்கிறார்கள். மனசை எப்படித் திடப்படுத்துவது? (வெள்ளவத்தை)

பதில்: உங்கள் மனசில் குறை இல்லை. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கோபம் மூன்றும் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். தசைகளிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைக்கும் மாச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். 2,000 கலோரிக்கு மேல் அது வராது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் உழக்கும்போது மணித்தியாலத்துக்கு 400 முதல் 500 கலோரி வரை செலவாகும். அதில் ஒரு பங்கைக் கொழுப்பு தரும், மீதியைச் சேமிப்புத்தான் தர வேண்டும். மூளைக்கும் அதே சீனிதான் தேவை. கோபம் வருவது அதனால்தான்.

நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டுப் புறப்பட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. விடிய முன் வெறும் தேத்தண்ணீரோடு புறப்படுவது நம்மிடையே பரவலான பழக்கம். இரவு முழுவதும் ஈரலின் சேமிப்புக் கரைந்திருக்கும் நேரம் அது. புறப்படுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பாக ஆறேழு இடியப்பமும் சொதியும், அல்லது பாண் நாலு துண்டும் ஜாமும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள். தேங்காய்ச் சம்பலையும் பொரித்ததையும் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் ஏறிய பிறகு பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பசி தெரியும்போது ஏற்கனவே பிந்திவிட்டது. முதல் அரை மணித்தியாலத்திலேயே தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து போக வேண்டும். முழு நாள் பயணத்தில் 60ஐ ஒட்டியே இருப்பது நல்லது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 20 முதல் 25 கிராம், கதலி போன்ற சிறியதில் 15 கிராம் அளவில், ஜாம் பணிஸ் ஒன்றில் 35 கிராம் அளவில் இருக்கும். சிறிய பேரீச்சம்பழம் நாலு 20 கிராமுக்குக் கிட்டவரும். சீனி ஒரு தேக்கரண்டி 4 முதல் 5 கிராம். உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு இனிப்புத் தெவிட்டும்போது கை கொடுக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நல்ல வாழைப்பழமும் அரை லீற்றர் சீனி கலந்த பானமும் போதுமான அளவு.

தெருவோரக் கடையில் ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று கை போகும். அவற்றின் எண்ணெய் வயிற்றில் மணிக்கணக்கில் கிடக்கும். காலுக்கு உடனே எதுவும் வராது. மதியம் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு ஏறினால் அடுத்த 20 கிலோமீற்றர் பாரமாகத்தான் போகும்.

நடுக்கம் வந்தே விட்டால் அப்படியே உழக்கிக்கொண்டு போகாதீர்கள். நிழலில் இறங்கி, மூன்று தேக்கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ இரண்டும் ஒரு வாழைப்பழமும் எடுங்கள். 15 முதல் 20 நிமிடம் இருந்தால் தலை தெளியும். கால் அதைவிடப் பிந்தித்தான் தெளியும். ஆகவே ஏறியதும் அடுத்த அரை மணித்தியாலம் லேசான கியரில், ஒருவர் பின்னால் ஒதுங்கியே வாருங்கள்.

கேள்வி: தண்ணீர் நிறையக் குடி என்றார்கள். ஒரு நாளில் எட்டுப் போத்தல் வெறும் தண்ணீர் குடித்தேன். ஆனாலும் தலையிடி, வயிற்றுப் பிரட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு. இன்னும் கூடுதலாகக் குடிக்க வேண்டுமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: வேண்டாம், கவனமாயிருங்கள். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போகிறது. லீற்றருக்கு அரைக் கிராமிலிருந்து ஒன்றரைக் கிராம் வரை சோடியம் போவது சாதாரணம். அதை ஈடு செய்யாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். தலையிடி, பிரட்டல், மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம் இதன் தொடக்கம். முற்றினால் குழப்பம், வலிப்பு வரை போகும். உயிருக்கே ஆபத்தானது.

உங்கள் அளவைத் தராசு சொல்லும். ஒரு மணித்தியாலப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, உள்ளாடையோடு மட்டும் நிறுத்துப் பாருங்கள். 62.0 கிலோ 61.2 ஆகி, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணித்தியாலத்துக்கு 1.3 லீற்றர். முழுவதையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை. நிறை 2 வீதத்துக்கு மேல் குறையாமல், அதாவது 62 கிலோக்காரருக்கு 1.2 கிலோவுக்கு மேல் இறங்காமல் பார்த்தால் சரி. பயணம் முடியும்போது நிறை கூடியிருந்தால் நிச்சயமாக அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள்.

பானத்தை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக வழித்த மேசைக்கரண்டியால் ஐந்து கரண்டி சீனி (ஏறத்தாழ 60 கிராம்), கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய்ச் சாறு. சீனியை இதற்குமேல் கூட்டினால் வயிறு மந்தமாகி, குடித்தது உள்ளே குலுங்கும். இரண்டு போத்தல் கொண்டுபோனால் ஒன்றில் இது, மற்றதில் வெறும் தண்ணீர். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு, சீனித் தூள்) பைக்கற் கலப்பதானால் பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள். செறிவாக இருந்தால் நல்லது என்று தண்ணீரைக் குறைப்பது பிழை. அதில் உப்பு போதுமானது, சீனி குறைவு. ஆகவே சாப்பாட்டுக்கு அது ஈடாகாது.

செவ்விளநீரைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அருமையான பானம், பொட்டாசியம் நிறைய இருக்கிறது. ஆனால் வியர்வையில் கூடுதலாகப் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. இளநீரோடு இரண்டு உப்பு விசுக்கோத்தும் கடித்தால் கணக்குச் சரிவரும்.

பிடிப்புக்கு உப்புக் குறைவு மட்டும் காரணமில்லை. பழக்கத்துக்கு மேல் வேலை செய்த தசைதான் பெரும்பாலும் பிடிக்கும். இறங்கி, முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கமாக இழுத்து 30 விநாடி வைத்திருங்கள். பிறகு கியரைக் குறைத்து, வேகமான சுற்றில் மெதுவாக உழக்குங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் நாலு பேர் பறக்கிறார்கள், மூன்று பேர் எப்போதும் கடைசி. களைத்தவர்களைப் பின்னால் ஆறுதலாக வரவிட்டால் போதும்தானே? (தெஹிவளை)

பதில்: களைத்தவருக்கு வரிசையின் கடைசி இடத்தைப் போல் கொடுமையான இடம் வேறு இல்லை. முன்னால் போகிறவர் ஒரு குழிக்காகச் சற்றே பிரேக் பிடிக்கிறார், உடனே பழைய வேகத்துக்கு வருகிறார். இரண்டாமவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறார். இது பின்னால் வர வரப் பெருகி, பத்தாவது ஆள் ஏறக்குறைய நின்று, பிறகு எழும்பி நின்று துரத்த வேண்டியிருக்கும். வத்தளையிலிருந்து ஜா-எல வரை சந்திக்குச் சந்தி இதுவே நடந்தால் கடைசி ஆளின் கால் நீர்கொழும்புக்கு முன்பே முடிந்துவிடும். களைத்தவரை மூன்றாம் இடத்தில் வையுங்கள். காற்றும் மறையும், துரத்தலும் இராது. கடைசியில் வர வேண்டியவர் குழுவின் பலமான ஆட்களில் ஒருவர். பம், ரியூப், சாவிக்கொத்து, கைபேசி அவரிடம் இருக்கட்டும்.

காற்று மறைவின் பலனைக் குறைத்து மதிக்காதீர்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவரின் பின்சில்லுக்கு ஒரு மீற்றருக்குள் ஒட்டி வருபவருக்கு நாலில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சம். 20 கிலோமீற்றரில் மிச்சம் குறைவு. ஆனால் எதிர்க்காற்று அடித்தால் அந்த வேகத்திலும் பலன் பெரிது, ஏனென்றால் நீங்கள் கிழிப்பது காற்றின் வேகத்தையும் சேர்த்துத்தான். புதியவர்கள் ஒன்றரை மீற்றர் தள்ளியே வரட்டும். யாருமே தன் முன்சில்லை முன்னவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோகக் கூடாது. முன்னவர் அரை அடி விலகினாலே சில்லும் சில்லும் உரசும், விழுவது பின்னால் வருபவர்தான்.

முன்னே இழுக்கும் முறை, அதாவது காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் போகும் தவணை, ஒருவருக்குச் சாதாரண நாளில் 5 நிமிடம், எதிர்க்காற்றில் 1 அல்லது 2 நிமிடம். களைத்தவர் 30 விநாடி இழுத்தாலும் போதும், இழுக்காவிட்டாலும் குற்றமில்லை. புதிதாக முன்னுக்கு வருபவர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. வேகமானியைப் பார்த்து அதே எண்ணில் வைத்திருக்க வேண்டும். பஸ்ஸும் லொறியும் ஓடும் ஒடுங்கிய வீதியில் ஓடிக்கொண்டே ஆள் மாறாதீர்கள். நிற்கும் இடங்களில் மாறுங்கள். பத்துப் பேர் ஒரே வரிசையாகப் போவதும் நல்லதல்ல. ஐந்து ஐந்தாகப் பிரிந்து 200 மீற்றர் இடைவெளி விட்டால் பஸ் முந்திப்போக இடம் இருக்கும்.

வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை மிக மெதுவானவருக்கே. மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் அவரால் பேச முடிந்தால் அதுதான் அன்றைய வேகம்.

இன்னொன்று, இது கிட்டத்தட்ட எல்லாக் குழுவிலும் நடக்கிறது. முன்னால் போனவர்கள் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் கால் மணித்தியாலம் ஆறியிருப்பார்கள். கடைசி ஆள் வந்து காலை ஊன்றியதும் "சரி, வந்திட்டார், வெளிக்கிடுவம்" என்று எழும்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். 10 நிமிடம் போதும். அதைவிட நீண்டால் கால் விறைக்கத் தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் 45 நிமிடம்.

கேள்வி: 40 கிலோமீற்றருக்கு மேல் உள்ளங்கை விறைக்கிறது, நாரி நோகிறது, இருக்கையில் உட்கார முடியவில்லை. பழகப் பழகச் சரியாகுமா? நான் பெண், 34 வயது. (வத்தளை)

பதில்: தசைக் களைப்புப் பழகும். விறைப்பும் முழங்கால் நோவும் பழகாது. பிழையான அளவோடு உழக்க உழக்கக் கூடும்.

சீற்றின் உயரத்தை முதலில் பாருங்கள். சுவரைப் பிடித்தபடி ஏறி, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நிமிர வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து உழக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். முழங்காலின் முன்பக்கம் நோகிறதென்றால் சீற் பெரும்பாலும் பதிவாக இருக்கிறது; பின்பக்கம் நோகிறதென்றால் உயரம். ஒரு தடவைக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஓடிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம்.

இருக்கை நோவுக்கு மூக்குப் பக்கத்தைக் கீழே சரித்துவிடுமாறு பலர் சொல்வார்கள். அதிகம் சரித்தால் உடல் முன்னுக்கு வழுக்கி, பாரம் முழுவதும் கையில் விழும். உங்கள் உள்ளங்கை விறைப்புக்கு இதுவே காரணமாக இருக்கலாம். நீர்மட்டத்தை வைத்து மட்டமாக்குங்கள், அல்லது மட்டத்திலிருந்து மிகச் சிறிய சரிவு. ஹாண்டில் எட்டாத தூரத்தில் இருந்தால் நாரியும் கழுத்தும் நோகும்; ஹாண்டிலைத் தாங்கும் ஸ்ரெம்மைக் குறுகியதாக மாற்றினால் தீரும். பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக அகலம். ஆண்களுக்குச் செய்த ஒடுங்கிய சீற்றில் எத்தனை மாதம் ஓடினாலும் நோ போகாது, சற்று அகலமானதை வாங்குங்கள். மெத்தென்று தடித்த ஜெல் சீற் முதல் அரை மணித்தியாலம்தான் சுகம். பிறகு அதுவே அழுத்தும்.

மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டைக்குள் உள்ளாடை அணியாதீர்கள், அதன் தையல் ஓரம்தான் தோலை அறுக்கும். தொடையிடுக்கில் வசலின் பூசுங்கள். ஒவ்வொரு மாலையும் காற்சட்டையைத் தோய்த்துக் காயவிட வேண்டும். இரண்டு காற்சட்டை அவசியம். முதுகுப்பையைக் கழற்றிப் பின்கரியரிலோ உதவி வாகனத்திலோ போட்டால் நாரி நோவில் பாதி அன்றே குறையும்.

கேள்வி: என்னுடைய சைக்கிள் மட்டும் மற்றவர்களுடையதைவிடப் பாரமாக ஓடுவதுபோல் இருக்கிறது. பிரமையா? (மட்டக்குளி)

பதில்: பிரமை என்று விட்டுவிடாதீர்கள். சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் நெடுநேரம் சுழன்று, வால்வு கீழே வந்து ஊஞ்சல்போல் ஆடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் பிரேக் கட்டை உரசுகிறது, அல்லது சில்லின் கோன் (அச்சில் குண்டுகளைத் தாங்கும் கூம்பு) இறுகியிருக்கிறது. றிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையே இரு பக்கமும் 1 முதல் 2 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும்.

ரயரைக் கையால் அமத்திப் பார்ப்பது கணக்கில்லை, அளவுமானி உள்ள பம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 28 மில்லிமீற்றர் ரயரில் 75 முதல் 85 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), 32 மில்லிமீற்றரில் 60 முதல் 70. கல்லுப்போல் 110 அடித்தால் வேகம் கூடாது. வீதியின் அதிர்வு முழுவதும் கைக்கும் நாரிக்கும் வரும், மாலையில் அதையும் களைப்பு என்றே உணர்வீர்கள்.

செயினை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி செயின் எண்ணெய் விடுங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். வெளியே எண்ணெய் நின்றால் மணல் ஒட்டி, செயின் தேயும். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும், போடாதீர்கள். செயினின் 12 முழுக் கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள். எழும்பி நின்று உழக்கலாமா? (மருதானை)

பதில்: கொஞ்ச நேரம் நிற்கலாம், முதுகு ஆறும். நின்றபடியே ஏறினால் நாடித்துடிப்புக் கூடி, பாதி வழியில் ஓய்ந்துவிடுவீர்கள். உட்கார்ந்து, நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் குறையாமல் சுற்றக்கூடிய கியர்தான் தேவை. முன் பல்சக்கரத்தில் 34 பல்லும் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லும் இருந்தால் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்திலும் அது முடியும். உங்கள் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 25 அல்லது 28 பல்தான் என்றால், மாற்ற வேண்டியது கசற் (பின் பல்சக்கரத் தொகுதி). பின்கியர் அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். மாவனல்லையைத் தாண்டுமுன் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், ஏற்றத்தில் வாய்க்கு நேரமிருக்காது. ஏற்றத்தில் குழு சேர்ந்தே போக வேண்டியதில்லை. அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் காத்திருப்பதே எல்லோருக்கும் சுகம்.

கேள்வி: வயது 54, சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். நண்பர்களோடு நாலு நாள் பயணம் போகலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: உங்கள் வைத்தியர் இதயத்தையும் பரிசோதித்துச் சம்மதித்தால் போகலாம். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி திடீரென இறங்கும் வாய்ப்புக் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவையோ இன்சுலினோ எடுத்தால் அந்த வாய்ப்பு உண்மையானது. பயண நாட்களுக்கான அளவை வைத்தியரே மாற்றித் தர வேண்டும். ஏறுமுன் இரத்தச் சீனியைப் பரிசோதித்து, 100 mg/dLக்குக் குறைவாக இருந்தால் முதலில் 15 முதல் 30 கிராம் மாச்சத்துச் சாப்பிடுங்கள். வழியில் 70க்குக் கீழே போனாலோ, நடுக்கம் வந்தாலோ, மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நாள் முழுவதும் உழக்கிய இரவில் தூக்கத்திலும் சீனி இறங்கலாம். படுக்குமுன் ஒரு தடவை பார்ப்பது கட்டாயம். அறையில் கூடப் படுப்பவருக்கும் வீதியில் பின்னால் வருபவருக்கும் உங்கள் வருத்தமும், குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறதென்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மூன்றாம் நாள் காலையில் எழும்பவே முடிவதில்லை. நோக் குளிசை போட்டுக்கொண்டு ஓடலாமா? (கல்கிசை)

பதில்: இபுபுரூபன், டைக்குளோபெனாக் வகைகளை நீர் வற்றிய உடலோடு எடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அவற்றைப் பையில் வைக்கவே வேண்டாம். மூன்றாம் நாளின் பலம் இரண்டாம் நாள் மாலையில் தீர்மானமாகிறது. இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குள், குளித்துப் படுத்துக் கதைப்பதற்கு முன், கிலோவுக்கு ஒரு கிராம் மாச்சத்தும் 20 கிராம் அளவில் புரதமும் எடுங்கள். 60 கிலோ ஆளுக்கு அது ஒரு தட்டுச் சோறு, பருப்பு, இரண்டு முட்டை. இரவுச் சாப்பாடு வேறாக. பிறகு ஏழெட்டு மணித்தியாலத் தூக்கம். ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டிய நேரத்தையும் சேர்த்து எட்டு மணிக்கு விளக்கு அணைய வேண்டும், நள்ளிரவு வரை அரட்டை அடிக்கும் அறையில் அது நடக்காது. காலையில் முதல் 10 கிலோமீற்றர் எல்லாருக்கும் கால் கல்லாகத்தான் இருக்கும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் இளகிவிடும்.

கேள்வி: எப்போது விட்டுவிட வேண்டும்? வாகனத்தில் ஏறினால் வெட்கம் என்கிறார் எங்கள் தலைவர். (இரத்மலானை)

பதில்: உங்கள் தலைவர் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். நெஞ்சு நோ, நெஞ்சிறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, மயக்கம், தேத்தண்ணீர் நிறத்தில் சிறுநீர், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் நோவும் இருந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெயில் தாக்கம் மிக விரைவானது. மதியத்தில் ஒருவர் தள்ளாடி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். உடனே நிழலில் கிடத்தி, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள். உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தடுமாறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முதல் அரை மணித்தியாலத்தில் எவ்வளவு குளிர்த்துகிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இவை ஒன்றும் இல்லாத வெறும் களைப்புக்கும் வாகனம் நல்லதே. மதிய வெயிலில் 20 கிலோமீற்றர் வாகனத்தில் ஏறி வந்தவர் மாலையில் மற்றவர்களோடு சேர்ந்து உழக்கலாம், அடுத்த நாளும் உழக்கலாம். எவரும் கேட்டுக் கெஞ்ச வேண்டிய நிலை வராமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் "யார் ஏறுகிறீர்கள்?" என்று சாரதியே கேட்பது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணப் பயணத்துக்கு எந்த மாதம் நல்லது? (வெள்ளவத்தை)

பதில்: பெப்ரவரி, மார்ச் தொடக்கம். மழை ஓய்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், ஏப்ரல் வெக்கை இன்னும் வந்திராது. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும், மழையும் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று புத்தளம்வரை பின்னால் தள்ளிவிடும். ஆனால் ஆனையிறவைக் கடந்து பளை, சாவகச்சேரி என்று வீதி மேற்கே திரும்பும்போது அதே காற்று இடது முன்பக்கத்திலிருந்து பிடிக்கும், நாலாம் நாள் காலுக்கு அது பெரிய சோதனை. அந்த மாதங்களில் போவதானால் கடைசி இரவை வவுனியாவில் வைக்காமல் கிளிநொச்சியில் வையுங்கள். மூன்றாம் நாள் 80 கிலோமீற்றர் அளவில் நீளும், ஆனால் காட்டு மறைவு உள்ள வீதி அது. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் ஆனையிறவு வெளியைக் காற்று எழும்ப முன் கடந்து, ஒன்பதரை பத்துக்குள் யாழ்ப்பாணத்தில் காலைச் சாப்பாடு சாப்பிடலாம்.